படியில் போட்ட மட்டக்குறி

அக்டோபர் 3

பெறுநர்: பொறியாளர், மழைநீர் வடிகால் பிரிவு, நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலில் தண்ணீர் தேங்குவது தொடர்பாக.

ஐயா,

மனைவி கணவனுக்கு ‘ஐயா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து உங்கள் தபால் பிரிவில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம் என்று என் வக்கீலம்மா சொல்லிவிட்டார். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம் என்பதும் உண்மைதானே.

நேற்று முன்தினம் ஒரு மணி நேரம் மழை. தெருவின் மேல் முனையில் இருக்கும் எங்கள் பக்கம் தண்ணீர் ஒழுங்காக ஓடிப் போய்விட்டது. நடுத் தெருவில் தையற்காரம்மா வீட்டு முன்னால் வந்ததும் நின்றுகொண்டது. அரை மணியில் வடிகால் நிரம்பி அவர் வீட்டுக்குள் ஏறிவிட்டது. மெஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, அது விழாமல் ஒரு கையால் பிடித்தபடி அவர் நின்றிருந்ததைப் பார்த்தேன். பழைய மண் வாய்க்கால் இருந்த காலத்தில்கூட இப்படி வந்ததில்லையாம். நான்கு மாதம் பலகை மேல் நடந்து வீட்டுக்குள் போனதெல்லாம் இதற்குத்தானா என்று தெருவே கேட்கிறது. நீங்கள் என் வீட்டுக்காரர் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

இன்னொன்று. விவாகரத்து மனுவில் உங்கள் கையெழுத்துக்காக அனுப்பிய தாள்கள் ஏழு வாரமாக உங்களிடம் தூங்குகின்றன. அதையும் ஒரு பைலாக நினைத்துக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்

•

அக்டோபர் 9

அம்மையீர்,

தங்கள் மனு பெறப்பட்டு, எண் 412-ஆகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. கள ஆய்வுக்குப் பின் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

மேலே உள்ளது டைப் அடித்தது, எல்லாருக்கும் போவது. இனி வருவது நான் கையால் எழுதுவது.

நேற்று வந்து பார்த்தேன். நீ மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். மேல் முனையில் ஒரு டேங்கர் தண்ணீரை விட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். தையற்காரம்மா வீடு வரைக்கும் என்னோடு வந்தது, அதற்கு மேல் வர மாட்டேன் என்றது. வடிகாலின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இரண்டு கட்டமாகக் கட்டினோம். இரண்டும் சேரும் இடம் அதுதான். வரைபடத்தைப் பார்த்தேன், கணக்கை மறுபடி போட்டேன், தவறு எதுவும் தெரியவில்லை. அந்தம்மா வெளியே வந்து, “நீங்கதான் இதைக் கட்டின இன்ஜினியரா?” என்றார். ஆமாம் என்றேன். திரும்பி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? கடையில் குனிந்தே நிற்காதே.

இப்படிக்கு,
பொறியாளர்

•

அக்டோபர் 14

இன்ஜினியர் சாருக்கு,

மூன்றே மூன்று பக்கம். எட்டு வாரமாகப் படிக்கிறீர்கள். என் கடைக்கு வாருங்கள், கண்ணைச் சோதித்து நல்ல கண்ணாடியாக மாட்டிவிடுகிறேன்.

கழுத்து வலி அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி.

கள ஆய்வன்று எதிர் வரிசையில் நின்று என் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னார். “நகராட்சிக்காரர் யாரோ, பூட்டின வீட்டை அப்படிப் பார்த்தாரு. வரி பாக்கி வச்சிருக்கீங்களா?” என்று கவலைப்பட்டார். கதவைப் பார்த்த நேரத்தில் படியைப் பார்த்திருந்தால் உங்கள் ஆட்களால் எனக்கு நேர்ந்த தொல்லை தெரிந்திருக்கும். ஏப்ரலில் வந்து என் வாசல் படியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடும் எண்ணும் எழுதிவிட்டுப் போனீர்களே. தெருவில் இருபத்திரண்டு வீடு இருக்கிறது, உங்களுக்கு என் படிதான் அகப்பட்டது. ஜூனில் வீட்டுச் சொந்தக்காரர் அந்தப் படியைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் போட்டார். ரோட்டை உயர்த்தினாலும் தண்ணீர் உள்ளே வரக் கூடாதாம். முன்பிருந்ததைவிட நான்கு அங்குலம் உயரம். வெளியே போகும்போதெல்லாம் தடுக்குகிறேன். கொத்தனார் மகா பொறுப்பான ஆள். “இது கவர்மென்ட் குறிம்மா, அழிஞ்சா நம்மளத்தான் புடிப்பாங்க” என்று சொல்லி, புதுக் கல்லிலும் அதே கோட்டையும் அதே எண்ணையும் அச்சுப் பிசகாமல் எழுதி வைத்துவிட்டார். உங்கள் அலுவலகத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு நாளில் மறுபடி மழையாம். தையற்காரம்மா துணிகளையெல்லாம் மூட்டை கட்டி என் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தடுக்கி விழாமல் இன்னும் நடமாடும் உங்கள் மனுதாரர்

•

அக்டோபர் 17

உனக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாவது முறை படிக்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தக் கோடு மட்டக்குறி. அதன் உயரம் இவ்வளவு என்று ஒரு தடவை எழுதிக்கொண்டால், தெருவில் மற்ற எல்லா உயரத்தையும் அதிலிருந்துதான் அளப்போம். மேல் பாதி வடிகாலை மே மாதம் கட்டினோம், பழைய படியிலிருந்து அளந்து. கீழ்ப் பாதியை ஜூலையில் கட்டினோம், புதுப் படியிலிருந்து. கோடு நான்கு அங்குலம் ஏறியதால் கீழ்ப் பாதி முழுக்க நான்கு அங்குலம் ஏறிவிட்டது. தண்ணீர் அந்தம்மா வீட்டு முன்னால் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஏறாது.

பிழை அகப்பட்டுவிட்டது. கீழ்ப் பாதியை உடைத்துத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். அதுவரை ஒரு பம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர் படியை மாற்றுவதற்கு முன் நகராட்சிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கொத்தனாருக்கு அந்தக் கோட்டைத் தொட உரிமையே இல்லை. சர்வேயர் ஜூலையில் குறியைச் சரிபார்த்திருக்க வேண்டும். சர்வேயருக்கு மெமோ போயிருக்கிறது, பெரும்பாலும் சஸ்பெண்ட் ஆகும். நல்ல பெண்தான். என்ன செய்வது.

நீ எழுதியிருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது. அதற்கு நன்றி.

இப்படிக்கு,
பொறியாளர்

•

அக்டோபர் 24

நேற்று மாலை உங்கள் சர்வேயர் வந்திருந்தார். படியைப் போட்டோ எடுக்க வந்தவர். எடுத்து முடித்ததும் கிளம்பத் தோன்றாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, அதனால் மனதில் இருந்ததைக் கொட்டினார்.

“நான் கேட்டேங்க. ரெண்டு தெரு தள்ளி தண்ணித்தொட்டி அடியில நிரந்தரக் குறி இருக்கு. ஜூலைல வேலை திரும்ப ஆரம்பிக்கறப்போ, அதுலேருந்து ஒரு தடவை லெவல் எடுத்துப் பார்த்துடலாமா சார்னு கேட்டேன். ‘வேண்டாம்மா, அது எனக்குத் தெரிஞ்ச படி’ன்னுட்டாரு. சரிபார்த்தாச்சுன்னு பாரத்துல அவரே கையெழுத்தும் போட்டாரு. ஆனா நான் கேட்டதுக்கு எழுத்துல எதுவும் இல்லையே. யாரு நம்புவாங்க?”

நான் நம்பினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் சொந்தக்காரர் இருக்கிறார், கொத்தனார் இருக்கிறார், சர்வேயர் இருக்கிறார். தெருவில் போன பூனையைத்தான் விட்டுவிட்டீர்கள். பாரத்தில் கையெழுத்துப் போட்டவரைக் காணவில்லை. அங்கே கேட்காமலே போடுகிறீர்கள், இங்கே பத்து வாரமாகக் கேட்டும் போட மாட்டேன் என்கிறீர்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று நீங்கள் சுரங்கப்பாதையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே பஸ் மாட்டியிருந்தது, நாற்பது பேர் இருந்தார்கள். எனக்கு அது புரியாமல் இல்லை. வராததற்காக நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை, நினைத்துப் பாருங்கள். எல்லாம் முடிந்து மறுநாள் வந்து நின்று, “நான் வந்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டீர்களே, அதற்குத்தான். நான்கு வருடமாக அந்த ஒரு பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள் என்று காத்திருந்தேன். அலுத்துப்போய்த்தான் வீட்டை விட்டு வந்தேன். உங்களிடம் இதை விளக்கமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. வக்கீலம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பார்த்துச் செய்யுங்கள்.

•

நவம்பர் 11

உனக்கு,

இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதற்கு அத்தனை நாள் ஆயிற்று. ஒரே ஒரு பக்கம்தான். எட்டாவது வரைவில்தான் ‘நான்’ என்று எழுத வந்தது. அதற்கு முன் ஏழிலும் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

சர்வேயர் கேட்டார், நான் வேண்டாம் என்றேன், பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய மெமோ ரத்தாகிவிட்டது. என்னை ஒரு நிலை கீழே இறக்கி, கிட்டங்கிப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். குழாய்களையும் மூடிகளையும் எண்ண வேண்டிய வேலை. கீழ்ப் பாதியைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை இங்கேயே இருக்க அனுமதி வாங்கினேன். போன வெள்ளிக்கிழமை முடிந்தது. இம்முறை தொட்டியிலிருந்துதான் அளந்தோம். சர்வேயரே அளந்தார், நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குறி போட உன் படியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. தொட்டியிலிருந்து லெவலைக் கொண்டுவர அரை நாள் ஆகும் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் உன் வாசலில் வந்து நிற்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது என்பதும் பொய்யில்லை. வந்து நின்ற நாட்களில் படியை நான் பார்க்கவே இல்லை.

மாமா விஷயம். அன்று நான் வந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் நீ அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றிருக்க மாட்டாய். அது எனக்கு மறுநாளே தெரியும். தெரிந்ததை மறைக்கத்தான் அப்படிக் கேட்டேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்று நினைத்தால் கிழித்துப் போடு. அப்படி நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசைதான், ஒளிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

நவம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

தாள்களும் கடிதமும் கிடைத்தன. திங்கட்கிழமை மழை கொட்டித் தீர்த்தது, ரேடியோவில்கூடச் சொன்னார்கள். தண்ணீர் எங்கேயும் நிற்கவில்லை. தையற்காரம்மா குடையோடு வெளியே வந்து வடிகாலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள்தான் என் வீட்டுக்காரர் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாய் காபி குடுத்திருப்பேனே” என்றார். சர்வேயரும் ஒருநாள் வந்தார். அவரிடமும் சொன்னேன்.

மாமா என்று நீங்கள் அப்பாவைக் குறிப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்க அழுதேன். உங்கள் மேல் கோபம் இல்லாமல் அழுதேன்.

மன்னிக்க இனி ஒன்றும் இல்லை. மன்னித்தாயிற்று. ‘வந்துவிடுகிறேன்’ என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கிழித்துவிட்டேன். நீங்கள் நிஜத்தை எழுதியிருக்கும்போது நான் மட்டும் இரக்கத்துக்காக ஒன்றை எழுதக் கூடாது. இந்தக் கோபம் போய்விட்டால் அடியில் பழையபடி எல்லாம் இருக்கும் என்று நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கோபம் போய்விட்டது. தேடிப் பார்த்தேன். உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, முன்பு இருந்ததைவிட அதிகமாகவே. கிட்டங்கியில் தூசியில் நிற்கிறீர்களே என்று கவலை இருக்கிறது. மற்றது இல்லை. கோபம் இருந்தவரைக்கும் நான் உங்கள் மனைவியாகத்தான் இருந்திருக்கிறேன், எனக்கே அது தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூடிகளை எண்ணுங்கள்.

தாள்களை இன்று காலை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
நான்