வெர்லினுக்குச் சிவப்பு நகப்பூச்சு

1991, ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் குளிர்காலத்துக்குப் பீன்ஸ் அடைத்து மூடியது பதினான்கு புட்டி. ஒரு மூடி சரியாக இறுகவில்லை. அதை இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டேன்.

வெர்லின் புதுத் துப்பாக்கியைச் சரளைக் குழிக்கு எடுத்துப் போய் மூன்றே மூன்று சுட்டுவிட்டு வந்துவிட்டான். "எப்படி இருந்துச்சு?" என்றேன். "அருமை" என்றான். சட்டை மாற்றும்போது பார்த்தேன், தோளில் ப்ளம்ஸ் பழ நிறத்தில் ஒரு கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. அருமையின் நிறம் அதுதான் போலிருக்கிறது.

முப்பத்தெட்டு வருடம் மரம் அறுத்தவனுக்கு மில்லில் எல்லோரும் சேர்ந்து தந்த பரிசு அது. மேக்னம். பெரிய தோட்டா, சுட்டால் தோளைக் குதிரைபோல உதைக்கும் ரகம். கட்டையில் அவன் பெயர் பொறித்த தகடு. பழைய துப்பாக்கியை அந்த வாரமே மருமகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். இனி இதுதான். ஆராதனை முடிந்து ஆலயக் காப்பியின்போது வாராவாரம் மில்காரர்கள் கேட்கிறார்கள், "குதிரை எப்படி இருக்கு வெர்லின்?" இவனும் சிரிக்கிறான். தோளைத் தொட்டுப் பேசினால் மட்டும் ஓர் அங்குலம் விலகிக்கொள்கிறான்.

ஆகஸ்ட் 24, சனி

இன்று நான் ஒரு வேலை செய்தேன். வஞ்சகம் என்று சொல்லமாட்டேன். சோதனை.

இந்த வீட்டில் தோட்டா நிரப்புவது நான். பதினேழு வருடமாக. அவனுக்கு மில்லில் இரட்டை ஷிப்டு வந்த வருடம், புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பித்தளைக் கூட்டைத் துடைப்பது, அடியில் தீப்பொறி தரும் பிரைமரைப் பொருத்துவது, வெடிமருந்தை நிறுத்துப் போடுவது, குண்டை அழுத்தி உட்காரவைப்பது. கேக்குக்கு மாவு நிறுப்பதைவிடச் சுலபம், ஆனால் கேக்கில் பிழை வந்தால் யார் முகத்திலும் வெடிக்காது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு.

இன்று அவனோடு குழிக்குப் போனேன். அவன் தம்பி டுவேனும் வந்திருந்தான். துப்பாக்கியில் தோட்டா போடும் சாக்கில், இரண்டாவதாக மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை நுழைத்துவிட்டேன். முதலாவது வெடித்தது. இரண்டாவதுக்கு 'டிக்' என்று மட்டும் சத்தம். வெடிக்காத துப்பாக்கி அசையக்கூடாதல்லவா? தானியம் கொத்தும் கோழிபோல அதன் மூக்கு கீழே குத்தியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வராத உதைக்கு முன்கூட்டியே தோளைக் குலுக்கியிருக்கிறான்.

டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, உன் துப்பாக்கி ஜெபம் பண்ணுது! ஆமென் சொல்லு!"

வெர்லின் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த வருஷம் டுவேன் சுடட்டும். நான் வேட்டை முகாம்ல சமையல் பாத்துக்கறேன்."

நாற்பத்தொரு வருடம் மலை ஏறியவன். முட்டை வேகவைக்கத் தெரியாதவன். சமைக்கிறானாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மருந்தைக் குறைத்துப் போட்டுத் தருகிறேனே, உதை பாதியாகும், கிட்ட இருக்கும் மானுக்கு அது போதும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மேக்னத்துக்குப் பால் புட்டியா? மில்லுல தெரிஞ்சா நான் ஊரைவிட்டுப் போகணும்."

சரி. தெரிந்தால்தானே?

ஆகஸ்ட் 29, வியாழன்

புத்தகத்தை மூன்று முறை படித்தேன். இருக்கிற மருந்தையே குறைத்துப் போட்டால் ஆயிற்று என்று நினைப்பவன் முட்டாள். பெரிய கூட்டில் மெதுவாக எரியும் மருந்தைக் குறைவாகப் போட்டால், அது சாதுவாவதற்குப் பதில் பேயாக மாறித் துப்பாக்கியையே பிளந்துவிடும். குறைக்கத் தாங்குகிற மருந்து வேறு. எது, எவ்வளவு என்று புத்தகம் கோடு போட்டுச் சொல்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டமாட்டேன். கர்த்தர் இஷ்டத்துக்கு விட்டுவிடும் காரியம் இல்லை இது, தராசு இஷ்டத்துக்கு.

மருந்து வாங்கியாயிற்று. இனி அடையாளம். சாதாரணத் தோட்டாவோடு கலந்துவிடக்கூடாது. பிரைமரைச் சுற்றி நகப்பூச்சு தடவுவது தோட்டாக்காரர்களின் பழைய வழக்கம். அடையாளத்துக்கு அடையாளம், ஈரமும் புகாது. என்னிடம் ஏது நகப்பூச்சு? என் அம்மா அதைப் பாவ நகரமான பாபிலோனின் சரக்கு என்பாள்.

மருந்துக்கடையில் இருப்பதிலேயே சிவப்பானதை எடுத்துக்கொண்டு திரும்பினால், போதகர் மனைவி மர்னா.

"ஆர்டிஸ்! உனக்கா?"

பொய் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

"இல்ல மர்னா, வெர்லினுக்கு."

செப்டம்பர் 1, ஞாயிறு

காப்பியின்போது மூன்று பேர் வெர்லினுடைய விரல்களைப் பார்த்தார்கள். மர்னா அவனுக்கு இரண்டாவது துண்டு கேக் வைத்து, நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள், "வீட்ல எல்லாம் நல்லா இருக்கீங்கல்ல?"

"இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்றான் வண்டியில். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினேன். தேவன் மன்னிப்பாராக, அது இருமல் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

நாற்பது நிரப்பினேன். மருந்து போட்டபின் ஒவ்வொரு கூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மட்டம். நோட்டில் நாற்பது கோடு. பிறகு நாற்பது சிவப்பு வளையம். அழகாகத்தான் இருக்கிறது, பாபிலோன்.

உதை குறைந்ததற்கு அவனுக்கு ஒரு காரணம் வேண்டுமே. வேட்டைச் சட்டையின் தோளுக்குள் ஆட்டுத்தோலை மடித்துத் தைத்தேன்.

செப்டம்பர் 14, சனி

சரளைக் குழி. சிவப்பு என்ன என்றான். ஈரம் புகாமல் இருக்க என்றேன். உண்மை. முழு உண்மை என்று யார் சொன்னது?

முதல் தோட்டாவுக்குக் கண் இரண்டையும் இறுக்கி மூடினான். இரண்டாவதுக்கு ஒரு கண். நான்காவது சுடும்போது மனிதன் மூச்சு விட்டான்! சத்தம் குறைந்ததைக் கண்டுபிடிக்க அவனுக்குக் காது வேண்டும். ரம்பத்தோடு குடும்பம் நடத்திய காது, அதற்குமேல் அடைப்பான் வேறு. எல்லாம் ஒரு சாண் கீழே பட்டன. மெல்லப் போகும் குண்டு கீழேதான் படும். அவன் துப்பாக்கி மேலிருக்கும் குறிபார்க்கும் குழாயின், அந்த ஸ்கோப்பின், திருகைத் திருகி மேலே கொண்டுவந்தான். கடைசி மூன்றை ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம்.

"பாத்தியா? தோள் பழகிடுச்சு."

"பழகிடுச்சு" என்றேன்.

பொய் சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை சற்று ஆடியது. விழவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சமையல் பேச்சு இனி இல்லை. முகாமுக்குத் தன் கத்தியைத் தீட்டுகிறான்.

அக்டோபர் 12, சனி

டுவேனின் புருவத்தில் நான்கு தையல்.

மதியம் குழிக்கு வந்தான். அண்ணன் சுட்ட அட்டையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. "கொடு, நான் காட்டறேன் எப்படிச் சுடறதுன்னு." வெர்லின் துப்பாக்கியை நீட்டினான். டுவேன் என்னிடம் கை நீட்டினான். சிவப்பைக் கொடுத்தால் ஒரே வெடியில் குட்டு உடையும். மேக்னத்துக்கு உரிய முழு மருந்துத் தோட்டாவைத்தான் கொடுத்தேன். ஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைக்காதே என்றும் சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன்.

"எனக்கேவா அண்ணி?" என்றான்.

ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தில் பிறைநிலா வரைந்தது.

என் ஏப்ரனால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். வழியெல்லாம் வெர்லினையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதையா கண்ணு சிமிட்டாம சுடறே? மனுசனாண்ணே நீ?"

வெர்லின் அடக்கமாக, "பழக்கம்தான் தம்பி" என்றான். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 19, சனி

சிரிப்பெல்லாம் போயிற்று.

சூப்புக் குடித்தபடி சொன்னான்: "இந்த வருஷம் கீழே இறங்கித் தவழவே வேண்டாம். முகட்டுல உக்காந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிக்கறதை அடிக்கலாம். நானூறு கஜம். மேக்னம் எதுக்கு இருக்கு?"

நானூறு கஜம். என் சிவப்புத் தோட்டா நூற்றைம்பதுக்கு மேல் எதற்கும் லாயக்கில்லை. அந்தத் தூரத்தில் பட்டாலும் கொல்லாது, கிழிக்கும். ஒரு எல்க் மான் வயிற்றில் குண்டோடு மூன்று நாள் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரியும். அதற்கு யார் கணக்குச் சொல்வது? என் நோட்டில் நாற்பது கோடும் சரியாகத்தான் இருக்கின்றன. இதற்குக் கோடு எங்கே?

சொன்னால் அவன் மறுபடி சமையல்காரன். சொல்லாவிட்டால்? நான் அவனுக்காகத்தானே செய்தேன்? அவனுக்காகவா, கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவா? சொல்லணும் ஆர்டிஸ். வேற வழியில்ல.

அக்டோபர் 23, புதன்

சொல்லிவிட்டேன். நான்கு நாள் ஆயிற்று வாய் திறக்க.

முதலில் புரியவில்லை. பிறகு எழுந்து போய்த் தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து, ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துச் சிவப்பைப் பார்த்தான். "அப்போ தோள் பழகல."

"இல்ல."

"ஆட்டுத்தோலு?"

"ஆட்டுத்தோலு சும்மா."

"ஊர் பூரா வாய் கிழியப் பெருமை பேசினேன். நீ பக்கத்துல நின்னு தலையாட்டினே. ஏண்டி, என்னைக் கோமாளி ஆக்கிட்டியே!"

கத்தினால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான். சிவப்புப் பெட்டியை என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, முழு மருந்துப் பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

அக்டோபர் 24, வியாழன்

பேசவில்லை. உருளைக்கிழங்கு தீய்ந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

இன்னொரு தலைவலி. ஸ்கோப்பைத் திருகி வைத்திருப்பது சிவப்புக்கு! முழு மருந்தைப் போட்டு இப்படியே சுட்டால் ஒரு சாண் மேலே போகும். அவன் கோபத்தில் இதை யோசித்தானோ என்னவோ. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

"வெர்லின், எங்கூடப் பேச வேண்டாம். கேட்டா போதும். ஸ்கோப்பு சிவப்புக்குத்தான் சரியா இருக்கு. மத்ததப் போட்டா ஒரு சாண் மேல போகும். திருப்பணும்னா நாளைக்கே குழிக்குப் போ."

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 26, சனி

குழிக்குப் போகவில்லை. நாள் முழுக்க விறகு பிளந்தான்.

அக்டோபர் 27, ஞாயிறு

வேட்டை தொடங்கும் நாள். போதகர் வழக்கம்போல விடிகாலை ஐந்து மணிக்கே ஆராதனை வைத்தார். ஆலயம் முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை, பரலோகம் சாலைப் பணியாளர்களால் நிரம்பியதுபோல. வெர்லின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினான். அவ்வளவுதான்.

வண்டி கிளம்புமுன் பைக்குள் காப்பிக் குடுவையை வைத்தேன். பக்கத்தில் சிவப்புப் பெட்டியையும். இருபது சிவப்பு, முழு மருந்துச் சாதா இருபது. எண்ணித்தான் வைத்தேன். அவன் பார்த்தான். எடுத்து வெளியே வைக்கவில்லை.

என்னால் முடிந்தது ஜெபம் ஒன்றுதான். மானுக்கும் சேர்த்து.

அக்டோபர் 30, புதன்

வந்துவிட்டார்கள்! வண்டிக்குப் பின்னால் எல்க். ஐந்து கிளைக் கொம்பு.

டுவேன்தான் மூச்சு விடாமல் சொன்னான், புருவத் தழும்பு மேலும் கீழும் ஆட. "முகட்டுலயிருந்து தெளிவாத் தெரிஞ்சுது அண்ணி. அடிண்ணே அடிண்ணேன்னு காதுல கத்தறேன். இந்த ஆளு துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு, 'தூரம்'ங்கறான். மேக்னத்தை வெச்சுக்கிட்டு தூரமாம்! அப்புறம் ரெண்டு மணி நேரம் ஓடைக்குள்ள பனியில வயித்தால ஊர்ந்து போனான். நூறு கஜம்கூட இருக்காது. ஒரே ஒரு தோட்டா. நின்ன எடத்துலயே விழுந்துது. என்னா அடி அந்த மேக்னம்!"

வெர்லின் ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

நவம்பர் 2, சனி

துணி துவைத்தேன். வேட்டைச் சட்டைப் பையில் ஒரு காலிக் கூடு. அடியில் சிவப்பு வளையம்.

சாதாப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். இருபது. சிவப்பு, பத்தொன்பது.

கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். "அதைத் தூக்கிப் போட்டுடாத. மறுபடி நிரப்பலாம்."

பத்து நாளில் என்னிடம் அவன் பேசிய நீளமான வாக்கியம். ஆட்டுத்தோலைப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், குளிருக்கு நல்லது" என்றான்.

டிசம்பர் 7, சனி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக்கால இலைவளையத்தில் முதல் மெழுகுவத்தி பாதி எரிந்திருக்கிறது. ரொட்டிக்கு மாவு பிசைந்துவிட்டு நிலவறைக்குப் போனால், என் தராசின் பக்கத்தில் ஒரு புது நகப்பூச்சுப் புட்டி. அதே சிவப்பு. அடியில் இரண்டு பெட்டி காலிக் கூடுகள். ஒன்று வெர்லினுடையது. மற்றதன் மூடியில் டுவேனின் கோணல் கையெழுத்தில் 'டு'. அதற்குக் கீழே இன்னும் கோணலாக, 'அண்ணனுக்குப் போடற மாதிரியே.'

வெர்லின் தம்பியிடம் சொல்லிவிட்டிருக்கிறான். கூடுகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மதியம் முட்டை கொடுக்கப் போனபோது மர்னா என்னை உள்ளறைக்கு இழுத்துப்போனாள். முகமெல்லாம் கவலை.

"உங்கிட்டச் சொல்லாம இருக்க முடியல ஆர்டிஸ். வெர்லின் வியாழக்கிழமை மருந்துக்கடையில நகப்பூச்சு வாங்கினாராம். நெறம் சரியா இருக்கான்னு மூணு புட்டியத் தெறந்து பாத்தாராம். அது... உனக்குத்தானே?"

பொய் சொல்லக்கூடாது.

"இல்ல மர்னா" என்றேன். "இந்தத் தடவை டுவேனுக்கு."