நம் கம்பெனிக்கு நடுவே நிற்கும் சுவர்

என் பாசத்துக்குரிய அண்ணா,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. உங்கள் நாற்காலியில் உட்கார இன்னும் பயமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத்தான் உட்காருகிறேன்.

நம் பனியன் கம்பெனியின் சுவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிறிய கம்பெனிகளுக்கு மட்டுமே அரசாங்கச் சலுகை என்றதும், வளர்ந்துவந்த கம்பெனிக்கு நடுவே சுவர் எழுப்பி, ஒரு பாதியை என் பேரில் எழுதினீர்கள். "கையெழுத்து மட்டும் போடு கண்ணு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் பக்கம் வெட்டிய துணி தெருவுக்கு வந்து, சுற்றிக்கொண்டு என் பக்கம் தைக்க வருகிறது. தைத்தது மறுபடி உங்கள் பக்கம் செக்கிங்குக்குப் போகிறது. எப்போதாவது வரும்போது இந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

போன வாரம், வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸ்காரர் வந்தார். கையில் கடிகாரத்தோடு ஒரு பண்டலின் பின்னாலேயே தெருவில் நடந்தார். "துணி நடக்கற நேரத்துக்கெல்லாம் வெல குடுக்க முடியாதுங்க. பங்களாதேஷ்ல இதே பனியன் ஒரே லைன்ல ஓடுது. சுவர எடுங்க, இல்லீன்னா அடுத்த சீசன் ஆர்டர் அங்க போயிருமுங்க" என்றார்.

ஆடிட்டரிடம் ஓடினேன். "எடுத்தா ரெண்டும் ஒண்ணாயிருமுங்க, சலுகை போயிரும். அப்புறம் பெரிய கம்பெனிகளோட நேரா மோதோணுமுங்க" என்றார். எடுத்தாலும் பயம், விட்டாலும் பயம். வேலை செய்கிற அத்தனை பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள் அண்ணா.

நேற்று நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர். ஆனாலும் என் பக்கம் துணி வந்துகொண்டே இருந்தது, வழக்கத்தைவிட வேகமாக. போய்ப் பார்த்தால், நம் டைலர் நெல்லைச் செல்வி அந்த நடுச்சுவரில் தொங்கும் பெரிய காலண்டரைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பின்னால் ஒரு பண்டல் நுழையும் அளவுக்கு ஓட்டை!

"யாரு இத ஒடச்சது?"

"அண்ணாச்சிதாம்க்கா. அவசர ஆர்டர்னா இது வழியாத்தான் குடுப்போம். தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம், பயந்துரும்னு சொன்னாவ."

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. முழுசாக எடுக்க உங்களுக்கும் பயமாகத்தான் இருந்ததா? என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேராகப் பயந்திருப்போமே.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். சலுகை இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவோம்? தெரியவில்லை. ஆனால் எல்லோரையும் கூப்பிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் இடிக்கச் சொல்வேன். காலண்டர் போட்டு மூட மாட்டேன். இது சத்தியம்.

இதுவரை கையெழுத்து மட்டும் போட்ட,
உங்கள் தங்கச்சி