பாக் சார் வாங்கிய ரெண்டு மார்க்

2001 ஜூலை 9, திங்கள்

பேய்க்காற்று. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் கொடியில் காய்ந்த என் தாவணி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். இயற்பியல் நோட்டு எழுதவில்லை. எழுதும் உத்தேசமும் இல்லை.

நைனா சொர்ணவாரி நெல் அறுப்புக்கு ஆள் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். ஆள் ஏது? பாதி உத்திரமேரூர் காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறது.

அமுதா அக்காவும் அதே பஸ்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்தும் கம்பெனி. கார் சீட்டுக்கு உறை தைக்கும் வேலை. மூன்று வருடம். லைனில், அதாவது அவள் மிஷின் வரிசையில், இருக்கும் இருபத்திரண்டு பெண்களுக்கும் வேலை பழக்கியது அவள்தான். பழைய லீடர் சித்திரையில் கல்யாணமாகிப் போனதிலிருந்து லீடர் வேலையும் அவள்தான். லீடர் என்ற பெயர் மட்டும் இல்லை, சம்பளமும் இல்லை.

இன்றைய சேதி: லீடர் ஆக இங்கிலீஷ் பரீட்சை. வியாழக்கிழமை. வைப்பவர் ஆபீஸ் பிரகாஷ் சார். சென்னைக்காரர். டை. தலையில் ஏதோ பசை. இனி இந்த டைரியில் பி.சா.

அக்காவுக்குப் பயமே இல்லை. "மூணு வருசமா பாக் சாராண்ட இங்கிலீஷ்லதானே பேசிக்கினு கீறேன்?"

பாக் சார் அவளுடைய சூப்பர்வைசர், கொரியாக்காரர். நான் வைத்த பெயர் பாக்கு சார். வெற்றிலை வந்ததும் சொல்லி அனுப்புகிறோம்.

ஜூலை 10, செவ்வாய்

வெயில். தமிழம்மா லீவு. பரீட்சைக்காக அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதிய லைன் இங்கிலீஷ், பாக் சார் சொல்லும் அர்த்தத்தோடு:

ஹோச்சிகிஸ் – காகிதத்தில் பின் அடிக்கும் கருவி. முத்தம் இல்லை. விசாரித்துவிட்டேன்.

ஹேண்டில் – காரின் ஸ்டியரிங்.

போண்டு – பசை. தின்னக் கூடாது.

மேஜிக் – தடியாக எழுதும் மார்க்கர் பேனா.

சர்வீஸ் – இனாம். கேன்டீனில் பாக் சார் ஒரு முட்டையைத் தட்டில் வைத்து "சர்வீஸ்" என்றால் காசு கேட்க மாட்டார்.

கன்னிங் – பரீட்சையில் காப்பியடிப்பது. (நம்ம வகுப்பே கன்னிங்.)

பைட்டிங் – சண்டை இல்லை, ஜமாய் என்று அர்த்தம். முதல் நாள் அவர் முஷ்டியை உயர்த்தி "பைட்டிங்!" என்று கத்தியதும் அக்காவின் தோழி தேவகி அழுதுவிட்டாளாம்.

டிரைவர் – திருப்புளி. இதுவும் தேவகி கதை. "டிரைவர்! டிரைவர்!" என்று அவர் மிஷினுக்கு அடியிலிருந்து கத்த, இவள் ஓடிப்போய் பஸ் டிரைவர் குப்பன் அண்ணனைச் சாப்பிட்ட கையோடு இழுத்து வந்து நிறுத்தினாள். பாக் சார் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நோ, நோ. ஸ்மால் டிரைவர்" என்றாராம். அண்ணனுக்கு ரோஷம். "குள்ளந்தான் சார். ஆனா வண்டி நல்லா ஓட்டுவேன்."

முக்கியக் குறிப்பு: கொரியாக்காரர் வாயிலும் எஃப், இசட் நுழையாது. காப்பிதான். பேன்தான். ஜீரோதான். ஜீரோ என்று சொன்னதற்காக என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிய இங்கிலீஷ் டீச்சர் கவனிக்கவும். ஒரு தேசமே என் கட்சி.

ஜூலை 12, வியாழன்

இருபதுக்கு மூன்று.

அக்கா சாப்பிடவில்லை. பேப்பரை என் மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கார் ஓட்டுபவர் கையில் பிடிக்கும் வட்டம்? ஹேண்டில். தப்பு. காசில்லாமல் தருவதற்கு என்ன பெயர்? சர்வீஸ். தப்பு. லைனில் தினமும் சொல்கிற, சொன்னதும் கைக்கு வருகிற அத்தனை வார்த்தையும் தப்பு. எல்லார் முன்னாலும் பி.சா. கேட்டாராம்: "இது எந்த ஊர் இங்கிலீஷ்மா? உத்திரமேரூர் இங்கிலீஷா?" சிரிப்பாம்.

யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று ஆயிரம் வருடம் முன்பே கோயில் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்த ஊர் சார் இது. எங்களுக்கா பரீட்சை?

செவ்வாய்க்கிழமை மறுபரீட்சை. அதிலும் தோற்றால் காஞ்சிபுரத்திலிருந்து டிகிரி படித்த ஒரு பெண் லீடராக வருவாள். அவளுக்கும் வேலை பழக்கித் தர வேண்டியது அமுதா அக்கா.

முடியாது.

ஜூலை 14, சனி

தூறல். முருங்கை மரத்திலிருந்து தாவணி கிடைத்தது. கிழிசல் ஒன்று, எறும்பு பல.

மறுபரீட்சைக்குப் படித்துக்கொள்ளச் சொல்லி பி.சா. மாதிரிக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமையும் இதே தாள்தானாம். இரண்டு பிரதி. நேற்றே அக்காவிடம் சொன்னேன், ஒன்றைப் பாக் சாரிடம் கொடுத்து விடை எழுதித் தரச் சொல்லு என்று. பாடம் சொல்லித் தருவார் என்று நம்பி அவளும் கொடுத்தாள். மனுஷன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய எழுத்தில் இருபதையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

பார்த்தேன். ஹேண்டில். சர்வீஸ். போண்டு. வரிக்கு வரி அக்காவின் பேப்பர்.

"செவ்வாக்கெயம இத பரீட்ச பேப்பர் கட்டுக்கு அடியில வச்சுடுக்கா. பேர் எழுதாத. பி.சா. திருத்தட்டும்."

"அடிப்பாவி. அது கன்னிங்டி."

"கன்னிங்னா காப்பியடிக்கறது. நீ உன் பேப்பர உன் பேர்ல குடு. இது தனிக் கணக்கு."

"வேல போயிடும், மேகலா."

பேப்பரை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

ஜூலை 17, செவ்வாய்

வைத்துவிட்டாள்!!

வரிசையாக எழுதுகிறேன்.

கேன்டீனில் எல்லாரும் சாப்பிடும்போது பி.சா. திருத்திய கட்டோடு வந்தார். அக்கா மறுபடியும் லைன் வார்த்தையே எழுதி நாலு மார்க். அடுத்து பேரில்லாத பேப்பரைத் தூக்கிக் காட்டினார்.

"இருபதுக்கு ரெண்டு. பேர்கூட எழுதத் தெரியல. இந்த ஆளையெல்லாம் மிஷின் பக்கமே விடக் கூடாது. யாருது இது?"

தேவகிக்கு இருமல். அக்கா எழுந்து நின்றாள். எப்படி வாய் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

"பாக் சாருது, சார்."

பக்கத்து மேஜையில் சாம்பார் சாதத்தோடு போராடிக்கொண்டிருந்தவர், தன் பெயர் காதில் விழுந்ததும் ஸ்பூனோடு கையைத் தூக்கினார். "யெஸ்! மை பேப்பர்! ஓகே?"

இருபத்திரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்தார்களாம்.

அப்புறம் நடந்தது. பி.சா. அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். சூப்பர்வைசரை அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம், இங்கிலீஷில், வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் மிஷினை விட்டு எடுத்து பேக்கிங் பக்கம். அட்டைப்பெட்டி ஒட்டலாம்.

அக்கா இதைச் சொல்லும்போது ஊசி ஏறித் தழும்பான தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் யோசனை. அவள் வேலை. ஆடிக்கு அம்மா வைத்த பாயசத்தை அக்கா பக்கம் தள்ளி வைத்தேன்.

ஜூலை 18, புதன்

பள்ளிக்கூடத்தில் நாலு பீரியடும் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். டிக்ஷனரி வைத்து. 'தங்கள் மேலான பார்டன்' மூன்று இடத்தில். பி.சா. அழுதேவிடுவார்.

அக்கா படித்தாள். நாலாகக் கிழித்தாள்.

கழனியிலிருந்து வந்த நைனா கேட்டார். "இன்னாம்மா அது?"

சொன்னோம். எல்லாம். என் பங்கையும்.

"நீ எழுதனதுல தப்பு இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல நைனா. லைன்ல பேசறத எழுதனேன்."

"அப்பால எதுக்கு மன்னிப்பு? வேல போனா போவட்டும். அறுப்புக்கு ஆளில்லாம நானே பேஜாராக் கீறேன்."

"அறுப்புக்கும் வர மாட்டேன், மிஷினையும் வுட மாட்டேன்" என்றாள் அக்கா.

நைனா என்னைப் பார்த்தார், நான் தூண்டிவிட்டேனோ என்று. சத்தியமாக இல்லை. இது அவளே பேசியது.

ஜூலை 20, வெள்ளி

கடிதம் இல்லாமல் போனாள். இயற்பியல் டெஸ்ட்: கேள்விகளை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆறு நாற்பது பஸ். நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் தேவகி: "ஏய் மேகலா! உங்கக்காவக் கேளு!"

அக்கா இறங்கி, செருப்பைச் சரிசெய்து, தண்ணீர் குடித்து... கொலை விழும் என்றேன். அப்புறம் சொன்னாள்.

கடிதம் எங்கே என்று பி.சா. லைனுக்கே வந்திருக்கிறார். "இல்ல சார், தர மாட்டேன்." நேராகப் பாக் சாரிடம் இழுத்துப் போய்ப் புகார். மன்னிப்பு எதற்கு என்று பாக் சார் கேட்டார். பி.சா. விளக்கினார், ரொம்ப நேரம், நல்ல இங்கிலீஷில். பாக் சார் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். எழுதினார். எழுந்து நின்று, குனிந்து, இரண்டு கையாலும் பி.சா.விடம் நீட்டினார்.

அக்கா மனப்பாடமாகச் சொன்னது:

சாரி. மை இங்கிலீஷ் டூ மார்க். அமுதா போர் மார்க். அமுதா லீடர். ஓகே?

கோபத்தில் எழுதினாரா, விளையாட்டா, நிஜமாகவே அப்படிக் கணக்குப் போட்டாரா, அக்காவுக்கும் தெரியவில்லை. முகம் எப்போதும் போலத்தானாம். பி.சா. அந்தத் தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம்.

திங்கள் முதல் லீடர்!

அதோடு பாக் சாரின் இன்னொரு உத்தரவு. இனிமேல் லைனுக்கு இங்கிலீஷ் பரீட்சை என்றால் கேள்வித்தாள் போடுவது அமுதா. ஆபீஸ் ஆட்களும் எழுத வேண்டும். பி.சா. உட்பட.

ஜூலை 22, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. நெல் தப்பித்தது. வீட்டில் எல்லாரும் அறுப்புக்குப் போக, லீடரம்மாவும் நானும் கேள்வித்தாளோடு. இருபது கேள்வி. பதினாறு முடிந்தது. நான் சொல்ல, அவள் எழுத.

"ஒரு கேள்வியாச்சும் பிரகாஷ் சாருக்குத் தெரிஞ்சதா வைக்கலாம்டி. பாவம்."

"உனக்கு வச்சாரா?"

பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு ஏழாவது கேள்வியை அடித்துவிட்டு, அதைவிடக் கஷ்டமாக ஒன்றை அவளே எழுதினாள்.