பூக்குழிக்கு அடியில் ஒரு கோட்டை

த்வாண்டே
7 பிப்ரவரி 2023, காலை 6.40
கருகிய மரத்தூண்கள்: நாற்பத்தொன்று

ஜெயா,

இரண்டு நாளாக இங்கே நெட் இல்லை. டாலா ஃபெர்ரித்துறைக்குப் போகும் வேன்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நலமா என்று முதலில் கேட்கவில்லை என்று கோபிக்காதே. நலம்தானே? சரி.

கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைச் சமன் செய்து, சித்திரையில் நம் கல்யாணத்துக்குள் மண்டபம் கட்டித்தா என்றார் உன் அப்பா. நேற்று மெஷின் மேட்டின் பக்கத்தைக் கிழித்ததுமே வேலையை நிறுத்திவிட்டேன்.

அது மேடு இல்லை. கோட்டைச் சுவர். இரண்டு வரிசைத் தேக்குத் தூண், நடுவே களிமண். ஒரு சாண் மண், அதன் மேல் உமி, மறுபடி மண். ஒவ்வொரு அடுக்கையும் கடப்பாரை இறங்காத அளவுக்கு இடித்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்தக் காண்ட்ராக்டரும் இப்படி ரோடு போடுவதில்லை. பிறகு யாரோ கொளுத்தியிருக்கிறார்கள். தூணை ஒட்டிய மண் செங்கல்லாக வெந்து கிடக்கிறது. அந்த வெந்த மண்ணில் ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெரிகிறது. என் கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. சின்னக் கை. மெஷின் ஓட்டும் அய்யூப் இறங்கி வந்து, தன் கையையும் வைத்துப் பார்த்தார்.

பூக்குழி வெட்டும்போதெல்லாம் இங்கே கரி வரும். நம் முன்னோர் தீ மிதித்த கரி என்று திருநீற்றோடு வைத்துக்கொள்கிறோம். நம்மவர்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பர்மாவுக்கு நெல் நட வந்து நூற்றைம்பது வருஷம் இருக்குமா? எரிந்த மண்ணுக்கு மேலே கிடக்கும் பச்சை மெருகுப் பானை ஓடுகளே ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது. கரி அதற்கும் முந்தியது.

நேற்று மாலை உன் அப்பா பார்க்க வந்தார். “இது சாமிக் கரி இல்ல மாமா, எவனோட கோட்டையோ எரிஞ்ச கரி” என்றேன். அப்படியே திரும்பி ஃபெர்ரிக்குப் போய்விட்டார்.

மோகன்

---

யாங்கோன்
10 பிப்ரவரி 2023

அன்புள்ள மோகன்,

நான் நலம். அப்பா நலமில்லை. காலைச் சாப்பாட்டு மொஹிங்காவைத் தொடாமல் எழுந்துவிட்டார். மூன்று வருஷம் அந்தக் குழியை மிதித்தவரிடம் பேசுகிற பேச்சா அது? மண்ணிடம் உங்களுக்கு இருக்கிற மரியாதை மனுஷரிடம் இல்லை.

“மேடுதான் வேணும்னா அவன் மேட்டையே கட்டிக்கட்டும். வேற இஞ்சினியர் வருவான், வேற மாப்பிள்ளையும் வருவான்” என்கிறார். இஞ்சினியர் கிடைத்தாயிற்று. புதன்கிழமை மெஷின் வருகிறது. மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை.

எனக்குச் சின்ன வயதில் ஜுரம் வந்தபோது அப்பா கட்டிவிட்ட தாயத்து இருக்கிறதே, அதை நேற்று திறந்தேன். உள்ளே அந்தக் கரிதான், நகக்கண் அளவு. மோந்து பார்த்தேன். வாசனை ஒன்றுமில்லை. மறுபடி மூட மனசு வரவில்லை, எறியவும் கை வரவில்லை.

அந்தக் கை பெண்ணுடையதா?

ஜெயகுமாரி

---

த்வாண்டே
12 பிப்ரவரி 2023

ஜெயா,

பெண்ணா என்று தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். மண்ணை அடைத்துவிட்டு, இறுகியதா என்று அழுத்திப் பார்த்த கை. அவ்வளவுதான் தெரியும். நானும் தினம் அதைத்தான் செய்கிறேன்.

நேற்று மேட்டின் மேல் போய் உட்கார்ந்தேன். 2008 நர்கிஸ் புயலில் ஊர் முழுவதும் வந்து நின்றது இதன் மேல்தான் என்று உன் அப்பாதான் ஒருமுறை சொன்னார். சுற்றி எல்லாம் தண்ணீர், இது மட்டும் கரையவில்லையாம். எரிந்து, புதைந்து, பேர்கூட இல்லாமல் போன ஒரு சுவர், கட்டியவர்கள் கனவிலும் காணாத ஆட்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறது. உன் அப்பாவும் அதில் ஒருவர். சாமிக் கரி இல்லை என்று சொல்ல நான் யார்? அதன் வயதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

தாயத்தை மூடிக் கட்டிக்கொள்.

மோகன்

செய்யப்போவது:

1. செவ்வாய் காலை முதல் ஃபெர்ரியில் வந்து உன் அப்பாவைப் பார்ப்பேன். முதலில் நலமா என்று கேட்பேன்.

2. மண்டபத்தைக் கோயிலுக்கு வடக்கே தள்ளி வரைந்த படத்தைக் காட்டுவேன். அங்கே பள்ளம், அஸ்திவாரம் ஆழமாகப் போகவேண்டும். சித்திரைக்குள் முடியாது. அதையும் சொல்லிவிடுவேன்.

3. ஒத்துக்கொள்ளாவிட்டால் புதன்கிழமை மெஷினுக்கு முன்னால் நிற்பேன். மாப்பிள்ளை இல்லை என்றாலும் நிற்பேன்.

4. வெட்டிய பக்கத்தை மறுபடி மண் போட்டு இடித்து மூடுவேன். அடுக்கடுக்காக, உமி போட்டு.

5. கை இருக்கும் இடத்தைக் கடைசியில்தான் மூடுவேன். இப்போது தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். நீ வந்து உன் கையை வைத்துப் பார்க்கும்வரை அவிழ்க்க மாட்டேன்.