"ஆறு மணிக்கு" என்ற என் பதிலைத் திருத்திப் பதியக் கோரி

அனுப்புநர்:
பசந்தி திகல் (வயது 59),
பிளைவுட் ஆலை உலர்களத் தொழிலாளி,
வட்டக்காட்டுப்படி, பெரும்பாவூர்.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
எர்ணாகுளம்.

பொருள்: முதுமைநல ஆய்விலிருந்து 'அதிதி' என்று என் பெயரை நீக்கியது – மீண்டும் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் 1999ஆம் ஆண்டு ஒடிசாவின் கந்தமாலிலிருந்து இங்கு வந்தேன். அன்று முதல் ஒரே ஆலையில், மரத்திலிருந்து சீவி வரும் மெல்லிய தாள்களை வெயிலில் உலர்த்தி வருகிறேன். எழுதப் படிக்க இந்த ஊரில்தான் கற்றேன். இம்மனுவையும் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.

1. அறுபது வயதானால் களத்தை விட்டு நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆலை வழக்கம். சென்ற மாதம் ஓர் ஆய்வுக்குழு வந்தது. வயதானவர்கள் உடல்நலத்தோடு எவ்வளவு காலம் உழைக்க முடியும் என்று ஐந்து ஆண்டுகள் பார்க்கப் போகிறார்களாம். ஐம்பத்தெட்டு தாண்டியவர்கள் சேரலாம். சேர்ந்தவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ஆலையும் அவர்களை அறுபதுக்குப் பிறகு, உட்கார்ந்து கிழிசல் ஒட்டும் பிரிவில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. எனக்கு வரும் ஜூன் பத்தாம் தேதி அறுபது நிறைகிறது. இந்த ஆய்வில் இடமில்லை என்றால் அன்றோடு எனக்கு வேலையும் இல்லை.

2. ஜனவரி 21 அன்று களப்பணியாளர் ஷைலஜா என்னிடம் நாற்பது கேள்விகள் கேட்டார். கையால் இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றைக் கொடுத்தார். பிடித்தேன். "அம்மாடி, என்னைவிட உங்களுக்குத்தான் பலம் சேச்சி" என்று அவரே சொன்னார். கடைசிக் கேள்வி, "வீட்டுக்கு எப்போ போவீங்க?" என்பது. "ஆறு மணிக்கு" என்றேன். ஷிப்டு ஆறுக்கு முடிகிறது, போய் உலை வைக்க வேண்டும், வேறென்ன சொல்வது? அவர் சிரித்துவிட்டு, "அய்யோ, ஒடிசாவுக்குக் கேட்டேன்" என்றார். "அங்க எனக்கு யாரு இருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். என் கணவரை அடக்கம் செய்திருப்பதும் இங்கேதான். ஆனால் ஷைலஜாவின் கைப்பேசியில் அந்தக் கேள்வியைக் காலியாக விட முடியாதாம். ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

3. பிப்ரவரி 3 அன்று ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. குழுவின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். 'அதிதி தொழிலாளி, திரும்பிச் செல்பவர்' என்று பதிவாகியிருக்கிறது. அதிதிகளுக்குத் தனிப் படிவமாம்; அதில் வயது ஐம்பத்தைந்தோடு முடிகிறது. காரணம் கேட்டதற்கு, "அதிதிங்கள்ல வயசானவங்க இருக்க மாட்டாங்களே சேச்சி" என்றார் அங்கிருந்தவர், அவர் முன்னால் நான் நின்றுகொண்டிருக்கும்போதே. வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களை வெளியூர்க்காரர் என்னாமல் அதிதி, அதாவது விருந்தாளி, என்பது மரியாதைக்குத்தான் என்று அறிவேன். இருபத்தாறு ஆண்டுகளில் இந்த விருந்தாளிக்கு யாரும் இலை போட்டு உட்கார வைக்கவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. என் பக்கத்தில் வேலை செய்யும் ஏலியாம்மா சேர்க்கப்பட்டிருக்கிறார். அவருக்கு முட்டிவலி, சேர்த்தது நியாயமே. ஆனால் அவர் களத்துக்கு வந்தது 2011இல். தாள் கிழியாமல் புரட்டச் சொல்லிக் கொடுத்தது நான். நீக்கிய காரணத்தை நான் வந்து சொன்னதும் அவர்தான் மேற்பார்வையாளரிடம் சத்தம் போட்டார்: "இவ அதிதின்னா நான் யாரு? என் மக கல்யாணத்துல பந்தி பரிமாறினவ இவ! ஒடிசாவுக்குப் போன தடவை ஒரு மாச லீவு வாங்கிட்டுப் போய், பத்தாம் நாளே ஓடி வந்து நின்னா. 'அங்க தூக்கமே வரலடி'ன்னா. இவளா திரும்பிப் போறவ?" அதன் பிறகுதான் எனக்கு மனு எழுதத் துணிவு வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையில்லாமல் அந்த ஒற்றை அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது.

ஆகவே, பிப்ரவரி 28ஆம் தேதி பட்டியல் முடிவாகும் முன் தாங்கள் தலையிட்டு, என் பதிவைத் திருத்தி, என்னை ஆய்வில் சேர்க்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் வருவேன். மாலை ஆறு மணிக்குள் முடித்து அனுப்பினால் நல்லது. வீட்டுக்குப் போக வேண்டும்.

இடம்: பெரும்பாவூர்
நாள்: 12.02.2025

தங்கள் உண்மையுள்ள,
பசந்தி திகல்

சாட்சி: ஏலியாம்மா (ஒப்பம்)