'உதவிக்கு நன்றி' என்ற ஒரு வரி

ஜெனிஸ்ரன்,

சோறு ஆக்கிவிட்டேன். விளைமீன் கழுவி, உப்பும் தூளும் பிரட்டி பிரிட்ஜில் இருக்கிறது. உங்கள் அண்ணை வந்ததும் பொரித்துக் கொடுங்கள். வாசல் கதவின் மற்றத் திறப்பு என்னிடம் இருக்கிறது, வந்து நானே திறந்துகொள்வேன்.

"அண்ணை வாறார், இண்டைக்கு மட்டும் வகுப்பை விடுமன்" என்றீர்கள். மறக்கவில்லை. ஆனால் வாசித்த நாவலைப் பற்றி இங்கிலிஷ் வகுப்பில் எழும்பிப் பேசுவது இன்று என் முறை. இதை விட்டால் இனித் துணிவு வராது.

நேற்று அந்த நாவலின் கதையைச் சொன்னபோது சிரித்தீர்கள். "உதெல்லாம் அந்தக் காலம். நான் உமக்குச் சமையலிலை உதவி செய்யிறேல்லையே?" எனக்குப் பதில் எப்போதும் அடுத்த நாள்தான் வரும். டயரியில் எழுதிப் பார்த்தேன். இன்னும் சரியோ தெரியாது.

நாவலில், எழுபது வருடத்துக்கு முந்திய அந்த ஆய்வுகூடத்தில் சோதனை முழுவதையும் செய்தவள் கதாநாயகி. கட்டுரை பேராசிரியரின் பெயரில் வந்தது. அடியில், அவளுடைய உதவிக்கு நன்றி என்று ஒரு வரி. அவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். இங்கே, இருவரும் சாப்பிடும் சோற்றை நீங்கள் ஆக்கினால் அது எனக்குச் செய்த உதவி. இரண்டு இடத்திலும் வேலை யாருடையது என்று முடிவெடுத்தது இருவரில் ஒருவர்தான்.

கோபத்தில் எழுதவில்லை. மீன் பொரிக்கும்போது சட்டிக்குக் கிட்ட நிற்காதீர்கள், எண்ணெய் தெறிக்கும்.

யூஜினி

பி.கு: நான் எங்கே என்று அண்ணை கேட்டால், "வகுப்புக்குப் போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இண்டைக்கு அங்கை அவதான் கதைக்கிறா" என்று சொல்லுங்கள்.