எனக்கென்று வாங்கி வைத்த சோடா

என் அன்பு முத்தையா,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நேற்று பதுளையில் உனக்கு இரங்கல் கூட்டம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்துகூடத் தொழிற்சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். நான்தான் பேசினேன். "முத்தையாவும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க, எங்களுக்குள்ள சாதி கெடையாது" என்றேன். ஒரே கைத்தட்டல். முன்வரிசையில் இருந்த உன் மகன் செல்வம் மட்டும் தட்டவில்லை.

லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் என் மகள் சரோஜா கேட்டாள்: "ஏன்ப்பா, அது யாரு வீட்டுத் தட்டு?"

நாம் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் பதுளை டவுனில், முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடையில். உன் வீட்டில் என் கை நனைந்ததே இல்லை. துரையையும் கங்காணியையும் மேடைக்கு மேடை வேஷதாரிகள் என்று திட்டியவன் நான். 'படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்' என்று நீ சிரிப்பாயே, அது என்னைப் பார்த்துத்தானா?

போன தையில் செல்வத்துக்குச் சரோஜாவைக் கேட்டு வந்தாய். பிள்ளைகள் இரண்டும் விரும்புவது எனக்கும் தெரியும். ஆனால் தோட்டத்து ஆட்கள் இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். நாளைக்கு நாமும் போனால், வேறு சாதியில் பெண் கொடுத்தவன் என்று அங்குள்ள சொந்தக்காரர்கள் காறித் துப்புவார்களே என்று பயம். "ஜாதகம் பொருந்தலைப்பா" என்றேன். செல்வத்தின் ஜாதகத்தை நீ கொண்டுவரவே இல்லையே! "சரி, விடு" என்று மட்டும் சொன்னாய். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எப்போதும்போல எனக்குப் பீடி நீட்டினாய்.

நீ செத்த அன்று வந்தேன். வெளியேதான் நின்றேன். எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு உன் காமாட்சி என்னிடம் மட்டும் ஒரு சோடாப் போத்தலை நீட்டினாள். கடைக்கு ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறாள்.

"எங்க வீட்டுல நீங்க தண்ணி குடிக்க மாட்டீங்கல்ல, அண்ணே" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. புருஷன் பிணமாகக் கிடக்கும்போதும் என் சாதியைக் காப்பாற்றிக் கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன், முத்தையா. வெட்கங்கெட்டவன், கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

உன் வருஷத் திதி முடியட்டும். வெற்றிலை பாக்கோடு உன் வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்து, செல்வத்தை மாப்பிள்ளையாகக் கேட்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? திருப்பட்டும். மறுபடியும் வருவேன். அவன் சம்மதிக்கும்வரை மேடை ஏறமாட்டேன்.

கீழே என் பெயருக்கு மேல் எழுதும் சொல்லுக்கு இன்னும் எனக்கு உரிமை இல்லை. உயிரோடு இருந்தபோது உனக்குத் தராத உறவு அது. எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

உன் சம்பந்தி,
ராமசாமி